கணக்கு டீச்சரும் ஒரு பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டும்

ஸ்கேன் அறைக்குப் புதிதாகப் போஸ்டிங் வாங்கி வந்திருக்கும் உங்களுக்கு மெஷினைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த மெஷின்களில் பாதிப் பொத்தான்கள் எதற்கென்றே எனக்குத் தெரியாது. நான் சொல்ல வந்தது அந்தக் கட்டிலில் படுக்கப்போகிறவரைப் பற்றி. படுத்ததும் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி உங்களுக்கு இன்னும் தெரியாது, எனக்குத் தெரியும். "இதனால பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

புதுக்கோட்டை மாவட்டத்தில் நான் வேலை பார்த்த வருஷங்கள் முழுக்க இந்தக் கேள்வி என்னோடு கூடவே வந்தது. "ஆகாதும்மா" என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு ஜெல்லை எடுத்துத் தடவிக்கொண்டிருந்த காலம் எனக்கும் உண்டு. அது பொய்யில்லை. ஆனால் கேட்பவர் என்ன கேட்கிறார் என்று புரிந்துகொள்ளாமல் சொல்கிற உண்மை, பல நேரம் யாருக்கும் உதவுவதில்லை. இதை நான் கற்றுக்கொள்ள இரண்டு பேர் காரணம். ஒருவர் எனக்குப் பாடம் நடத்திய சீனியர். இன்னொருவர் ஆவுடையார்கோவில் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்திய ஒரு டீச்சர்.

சீனியர் கதை சின்னது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் அப்போது மேல்படிப்பு மாணவி. எங்கள் துறைக்கு இதயத் துடிப்பைச் சத்தமாகக் கேட்க வைக்கும் வசதியுள்ள மெஷின் புதிதாக வந்திருந்தது. எனக்குக் கால் தரையில் இல்லை. குளத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துக் கரு நின்றிருக்கிறது, ஏழு வாரம். துடிப்பு தெரிந்ததும் நான் சத்தத்தைத் திறந்துவிட்டேன். அறை முழுக்கக் குதிரை ஓடுகிற மாதிரி ஒரு ஓசை. கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்கம்மா வெளியே இருக்காங்க, அவங்களும் கேக்கலாமா என்றார். அம்மா வந்தார். அப்புறம் அக்கா, அக்காவின் வீட்டுக்காரர், கூட வந்த ஆட்டோ டிரைவர். ஒவ்வொருவருக்கும் நான் புதிதாக ஒரு தடவை வைத்துக் காட்டினேன். கோவில் திருவிழாவில் மைக் செட் போட்டவன் கணக்காக எனக்கு அவ்வளவு பெருமை.

சீனியர் எப்போது உள்ளே வந்தார் என்று எனக்குத் தெரியாது. வந்தவர் கையை நீட்டி ஒரு பொத்தானை அமுக்கினார். சத்தம் நின்றது. அந்தக் குடும்பத்துக்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களிடம் சிரித்துப் பேசி, வாழ்த்திச் சொல்லி அனுப்பிவைத்தார். கதவு மூடியதும் நிதானமாகக் கேட்டார்: "அவங்க கேட்டது அவங்க சந்தோஷத்துக்கு. நீ ஏன் கையை எடுக்காம வச்சிருந்தே?"

அவரே சொன்னார். பயப்படாதே, பிள்ளைக்கு எதுவும் ஆகியிருக்காது. ஆனால் சத்தம் கேட்கிற அந்த வசதி ஒலியை ஒரே இடத்தில் குவித்து அடிக்கிறது. ஏழு வாரக் கரு என்பது ஒரு மொச்சைக்கொட்டை அளவு. அங்கே சூடு ஏறுவதற்கு இடம் கொடுக்கக் கூடாது. துடிப்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்தாலே போதும் என்கிறபோது காதால் கேட்க வேண்டிய அவசியம் என்ன? ஸ்கேன் பாதுகாப்பானது என்று நாம் சொல்கிறோமே, அந்தப் பாதுகாப்பில் பாதி மெஷினில் இருக்கிறது, பாதி பிடித்திருக்கிற கையில் இருக்கிறது. "பேச்சு வந்தா கையை எடுத்துரு. கை வச்சிருக்கும்போது பார்க்கிற வேலையை மட்டும் பாரு." அவ்வளவுதான். அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை நான் பேசும்போது என் கை வயிற்றில் இருந்ததில்லை.

அந்தக் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. காதுகுத்துக்குப் பத்திரிகை கொண்டுவந்தவர்கள், என் பெயர் தெரியாமல், "அந்தச் சவுண்ட் வச்ச டாக்டரம்மா எங்கே" என்று வார்டு முழுக்கக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். சீனியர் அதைக் கேட்டு நாற்காலியில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார்.

இனி டீச்சர் கதை.

அப்போது எனக்கு வாரத்தில் மூன்று நாள் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் ஸ்கேன். மீதி நாள் புதுக்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டு. எங்கள் கிராம செவிலியர் எஸ்தர் ஒருநாள் தமிழரசி என்ற பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருபத்தேழு வயது, ஐந்தாம் மாதம். தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் ராஜ்குமார் குவைத்தில் ஸ்டோர்கீப்பர். ஊரில் மாமியாரோடு இருந்தார். ரத்தப் பரிசோதனை, சத்து மாத்திரை, தடுப்பூசி, எல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். என் அனுபவத்தில் அவ்வளவு சுத்தமான நோட்டு வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஆனால் ஸ்கேன் மட்டும் வேண்டாம் என்றார்.

காரணம் கேட்டேன். முதல் கர்ப்பத்தில் ஸ்கேன் எடுத்ததால்தான் பிள்ளை போனது என்றார். "செவ்வாய்க்கிழமை எடுத்தாங்க மேடம். வெள்ளிக்கிழமை போயிருச்சு."

இங்கேதான் நான் தவறு செய்தேன். அவர் எனக்கு இரண்டு கிழமைகளைக் கொடுத்தார். நான் அவற்றைக் காதில் வாங்கவே இல்லை. இது எக்ஸ்ரே இல்லை, கதிர்வீச்சு இல்லை, காதுக்குக் கேட்காத சத்தம்தான், அது உள்ளே போய்த் திரும்பி வருகிறது, அதைத்தான் படமாகப் பார்க்கிறோம் என்று ஆரம்பித்து, ஒரு காகிதத்தில் படமெல்லாம் போட்டுக் கால் மணி நேரம் நடத்தினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, தப்பும் தவறுமாக விடை எழுதும் மாணவனைப் பார்ப்பது போலப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும், "முடிச்சிட்டீங்களா மேடம்? அப்ப நான் வாரேன்" என்று எழுந்து போய்விட்டார். நான் போட்ட படம் மேஜைமேலேயே கிடந்தது.

எனக்கு ரோஷமாக இருந்தது. படித்த பெண்ணே இப்படியா என்று எஸ்தரிடம் அலுத்துக்கொண்டேன். எஸ்தர், அந்தப் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை நாம் யாராவது பார்த்திருக்கிறோமா மேடம் என்று மட்டும் கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை. அடுத்த இரண்டு மாதமும் டீச்சர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதை எடுத்துத் தரச்சொல்லி எஸ்தர் கேட்டுப் பார்த்தார். மாமியார் ஒவ்வொரு தடவையும் அது தொலைந்துபோனதாகவே சொன்னார்.

ஏழரை மாதம் நடக்கும்போது ஒருநாள் காலை பத்து மணிக்கு எஸ்தரிடமிருந்து போன். டீச்சருக்கு லேசாக ரத்தம் பட்டிருக்கிறது, வலி ஒன்றும் இல்லையாம், ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டேன் என்றார். வலியில்லாத ரத்தம் என்றதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. உங்களுக்கும் சிலிர்க்க வேண்டும். நஞ்சுக்கொடி மேலே ஒட்டியிருக்காமல் கீழே இறங்கி, பிள்ளை வெளியே வருகிற வாசலை அடைத்துக்கொண்டு இருக்கலாம். அப்படி இருந்தால், தெரியாமல் யாராவது உள்ளே கைவிட்டுச் சோதித்தாலே ரத்தம் பொங்கிவிடும். யாரும் தொட வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள் என்றேன்.

வந்து இறங்கியபோது டீச்சர் தைரியமாகவே இருந்தார். நாடி, பிரஷர் சரியாக இருந்தன. வயிற்றில் குழல் வைத்துக் கேட்டேன், பிள்ளையின் துடிப்பும் நன்றாகவே இருந்தது. ரத்தம் அப்போதைக்கு நின்றிருந்தது. அடுத்த தடவை எப்போது வரும், எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "வேற எந்த டெஸ்ட் வேணும்னாலும் எடுங்க மேடம். அது மட்டும் வேணாம்."

நான் வெளியே வந்தேன். வராந்தாவில் மாமியார் ஒரு மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். எஸ்தர் அவர் பக்கத்தில். என்னைப் பார்த்ததும் மாமியார் பைக்குள் கைவிட்டு ஒரு கவரை எடுத்து நீட்டினார். பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் இவ்வளவு நாளும் இருந்ததாம். "இதை அவ பாக்கக் கூடாது டாக்டரம்மா. நீங்க மட்டும் பாருங்க."

பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ரிப்போர்ட். அன்றைக்கு அவருக்குப் பதினோரு வாரமும் ஒரு நாளும் ஆகியிருக்க வேண்டும். கருவின் அளவோ எட்டு வாரம் இரண்டு நாளுக்கு உரியது. கீழே ஒரே வரி: இதயத் துடிப்பு இல்லை.

செவ்வாய்க்கிழமை ஸ்கேன் எடுத்தபோதே பிள்ளை இல்லை. அதற்கு முன்னாலேயே துடிப்பு நின்றிருக்கிறது.

மாமியார் சொன்னதை அப்படியே சொல்கிறேன். அன்று திருச்சியில் ஸ்கேன் பார்த்த இடத்தில் மகனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்களாம். மகன் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். மாமியார்தான் மகன் முகத்தைக் கழுவ வைத்து, உடனே சொல்ல வேண்டாம், மூன்று நாள் அவள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கட்டும், அப்புறம் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம் என்று முடிவு செய்திருக்கிறார். அதற்குள் வெள்ளிக்கிழமை தானாகவே ரத்தப்போக்கு ஆரம்பித்துவிட்டது. இன்றைக்குத்தான் போனது என்று சொல்லிவிட்டார்கள். "அந்த மூணு நாளும் அவ சிரிச்சுக்கிட்டு இருந்தா டாக்டரம்மா. வயித்தைத் தடவித் தடவிப் பேசிக்கிட்டு இருந்தா. அவ மனசு நோகக் கூடாதுன்னுதான் செஞ்சோம். அது இங்கிட்டு வந்து முடியும்னு தெரியலையே."

எனக்குக் கோபம் வரவில்லை. அன்பினால் சொன்ன பொய், அதன் நிழலில் ஒரு பெண் இரண்டு வருஷமாக ஸ்கேனைக் குற்றவாளியாக்கி வைத்திருக்கிறார். அவருடைய கணக்கு சரிதான். அவருக்குக் கொடுக்கப்பட்ட எண்தான் தப்பு.

இப்போது என் முன்னால் இரண்டு வழி இருந்தது. ரிப்போர்ட்டை மறைத்துக்கொண்டு, உயிருக்கு ஆபத்து என்று பயமுறுத்திச் சம்மதம் வாங்கிவிடலாம். வேகமான வழி அதுதான். நேரமும் குறைவாக இருந்தது. ஒரு நிமிஷம் அந்த யோசனை எனக்கு வந்ததை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அப்படிச் செய்தால் அவரிடம் உண்மையை மறைத்தவர்கள் வரிசையில் நானும் போய் நிற்பேன். நாளைக்கு வேறு எதைச் சொன்னாலும் அவர் ஏன் நம்ப வேண்டும்? மாமியாரிடம் சொன்னேன், இது அவருடைய ரிப்போர்ட், அவர் கையில்தான் இருக்க வேண்டும். ஆனால் மறைத்தவர்கள் வாயால் சொல்வதுதான் முறை. மகனுக்குப் போன் போடுங்கள்.

குவைத்தில் அப்போது காலை வேலை ஆரம்பித்த நேரம். நான் இரண்டு நிமிஷத்தில் நிலைமையைச் சொன்னேன். ராஜ்குமார், அடுத்த மாதம் லீவில் வருகிறேன், நேரில் உட்கார வைத்துச் சொல்கிறேனே என்றார்.

"அடுத்த மாசம் வரைக்கும் ரத்தம் காத்திருக்காது தம்பி."

"அவ என்னைய மன்னிப்பாளா மேடம்?"

"அதை நீங்க அவங்ககிட்டதான் கேக்கணும்."

போனைக் கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்தேன். ராஜ்குமார் பேசியது எனக்குக் கேட்கவில்லை. டீச்சரின் முகம் மட்டும்தான் தெரிந்தது. முதலில் ஒன்றும் புரியாத முகம். அப்புறம் "எப்ப?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து "அத்தைக்கும் தெரியுமா?" என்றார். அப்புறம் போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். ரிப்போர்ட்டைக் கொடுத்தேன்.

இரண்டு தடவை படித்தார். என் கோட்டுப் பையிலிருந்த பேனாவைக் கேட்டார். ரிப்போர்ட்டின் ஓரத்திலேயே கழித்தார். பதினோரு வாரம் ஒரு நாள், எழுபத்தெட்டு. எட்டு வாரம் இரண்டு நாள், ஐம்பத்தெட்டு.

"இருபது நாள்" என்றார். "ரெண்டு மூணு நாள் முன்னப்பின்ன இருக்கலாம், சரிங்களா மேடம்?"

ஆமாம் என்றேன்.

"அப்ப நான் திருச்சிக்குப் பஸ் ஏறும்போதே இல்ல."

நான் கால் மணி நேரம் படம் போட்டுப் புரியவைக்க முடியாததை அவர் ஒரு கழித்தல் கணக்கில் முடித்துவிட்டார்.

அழுதார். நன்றாக அழட்டும் என்று நான் எஸ்தரையும் பேச விடவில்லை. போனில் ராஜ்குமாரும் அழுதுகொண்டிருந்தார் போல. டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, அழுகாதீங்க. போய் வேலையைப் பாருங்க. நீங்க வந்தப்பறம் இருக்கு ஒங்களுக்கு" என்றார். எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

போனை வைத்ததும் டீச்சர் என்னைக் கேட்டார்: "இப்பச் சொல்லுங்க மேடம். ஸ்கேன் பண்ணா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதா?"

அதே கேள்விதான். ஆனால் இந்தத் தடவை அதற்குப் பின்னால் வேறெதுவும் ஒளிந்திருக்கவில்லை. அதனால் என் பதிலும் சின்னதாகவே வந்தது.

"இத்தனை வருஷமா உலகம் பூராவும் செஞ்சு பாத்துட்டாங்க. சரியா செஞ்சா பிள்ளைக்குக் கெடுதல்னு எதுவும் தெரிய வரல. அதுக்காக வேடிக்கை பாக்குற சாமானும் இல்ல. காரணம் இருந்தா மட்டும், எவ்வளவு நேரம் வேணுமோ அவ்வளவு மட்டும். இன்னைக்குக் காரணம் இருக்கு."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம். கூட ஆச்சுன்னா ஏன்னு சொல்லிட்டுத்தான் செய்வேன்."

அவர் யோசித்தார். பிறகு ஒரு நிபந்தனை போட்டார். நான் என்ன பார்க்கிறேனோ அதை அந்த இடத்திலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும். வெளியே இருக்கிற யாரிடமும் அவருக்கு முன்னால் சொல்லக் கூடாது. நல்லதோ கெட்டதோ. நான் சரி என்றதும் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பார்வைக்குத் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு படுத்தார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக நான் எந்த ஸ்கேனும் பார்த்ததில்லை. திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். முதலில் துடிப்பு. கையை எடுத்துவிட்டுச் சொன்னேன், பிள்ளை நன்றாக இருக்கிறது, இப்போது திரையில் துடித்ததே, அதுதான் இதயம். அவர் மூச்சை விட்டார். அடுத்து நஞ்சுக்கொடி. நான் பயந்தபடியேதான் இருந்தது, வாசலை முழுசாக அடைத்துக்கொண்டு. மறுபடி கையை எடுத்தேன்.

"நஞ்சுக்கொடி வாசல்ல வந்து உக்காந்திருக்கு டீச்சர். ரத்தம் அதனாலதான். பிரசவ வலி வர விடக் கூடாது. இப்பவே புதுக்கோட்டைக்குப் போகணும், அங்கேயே தங்கணும்."

"பிள்ளை எப்படி வெளிய வரும்?"

"ஆபரேஷன்தான். வேற வாசல் வைக்கணும்."

"இது தெரியாம வீட்டுலயே இருந்திருந்தா?"

எதையும் மறைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே. "ரெண்டு பேருக்குமே கஷ்டமாப் போயிருக்கும்" என்றேன்.

அவர் திரையைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழு நிமிஷம்தான் ஆயிருக்கு மேடம். இன்னும் மூணு நிமிஷம் பாக்கி இருக்கு. முகத்தைப் பாக்கலாமா?"

நல்லவேளை, தலையின் அளவு இன்னும் எடுக்க வேண்டியிருந்தது. அதை எடுக்கும்போது முகமும் தானே வந்து நின்றது. பிள்ளை ஒரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பெரிதாகக் கொட்டாவி விட்டது. எங்களுடைய இவ்வளவு பதற்றமும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. டீச்சர் சிரித்தார். நான் அவரை அதற்கு முன் சிரித்துப் பார்த்ததே இல்லை. ஒன்பதாவது நிமிஷம் மெஷினை நிறுத்தினேன்.

புதுக்கோட்டை வார்டில் அவர் ஐந்து வாரத்துக்கு மேல் இருந்தார். பிள்ளையின் நுரையீரலுக்காக ஊசி போட்டோம், ரத்தம் ஏற்பாடு செய்து வைத்தோம். இன்னும் இரண்டு தடவை லேசாக ரத்தம் பட்டு நின்றது. இதற்கிடையில் தேவைப்பட்டபோது ஸ்கேன் பார்த்தோம். ஒவ்வொன்றையும் அவர் நோட்டில் எழுதினார்: தேதி, காரணம், எத்தனை நிமிஷம். காரணம் என்ற இடத்தை நிரப்பாமல் விடமாட்டார் என்பதால் வார்டு டாக்டர்கள் எல்லாரும் காரணத்தைத் தயாராக வைத்துக்கொண்டே அவர் கட்டிலுக்குப் போனார்கள். நமக்கெல்லாம் அப்படி ஒரு டீச்சர் வார்டுக்கு ஒருவர் இருந்தால் நல்லது.

பக்கத்துக் கட்டில்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக என்னை விட்டுவிட்டு அவரிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். ஸ்கேனுக்குப் பயந்தவர்களுக்கு ஒரு பதில், ஸ்கேன் மேல் ஆசைப்பட்டவர்களுக்கு ஒரு பதில் வைத்திருந்தார். கீரனூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், பதினைந்து நாளைக்கு ஒருமுறை பஸ் ஏறித் திருச்சிக்குப் போய் வெறும் ஆசைக்காக ஸ்கேன் எடுத்துப் படத்தைப் போனில் சேர்த்து வைத்திருந்தார். இந்த வாரமும் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள் டீச்சர் என்று சிபாரிசுக்கு வந்தபோது, "போன வாரம் இருந்த பிள்ளைதான் இருக்கும். அது எங்கயும் வெளியூர் போயிறாது. பொறந்ததும் பாரு" என்று டீச்சர் சொன்னதைக் கேட்டு வார்டே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தார்.

மாமியாரோடு மட்டும் முதல் நான்கு நாள் பேச்சில்லை. மாமியார் தினமும் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு வாசல்பக்கம் போய் நிற்பார். ஐந்தாம் நாள் டீச்சர் அவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. இனிமேல் எதுவாக இருந்தாலும் முதலில் என்னிடம் சொல்லிவிடுங்கள் அத்தை என்று கேட்டுக்கொண்டதாக எஸ்தர் பிறகு சொன்னார். அதை மாமியார் ரொம்பவே நேர்மையாக எடுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து வந்து உட்கார்ந்ததும் ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார். வெள்ளாடு தீனி எடுக்கவில்லை. ரசத்தில் உப்பு கூடிவிட்டது. உன் பச்சைச் சேலையில் இஸ்திரி போடும்போது ஓட்டை விழுந்துவிட்டது, செய்தது நான்தான். டீச்சர் ஒருநாள் ரவுண்ட்ஸில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "மேடம், கொஞ்சம் மறைச்சாலும் பரவால்லன்னு நீங்களே அத்தைகிட்டச் சொல்லுங்க மேடம்."

ராஜ்குமார் ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் வந்து சேர்ந்தார். பெட்டியை வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றார். டீச்சர் அவரிடம் நோட்டை எடுத்துக் கொடுத்து முதலிலிருந்து படிக்கச் சொன்னார். அவர் நின்றுகொண்டே முழுவதையும் படித்தார். கடைசிப் பக்கம் வந்ததும்தான் உட்காரச் சொன்னார்.

முப்பத்தேழாவது வாரம். ஆபரேஷன் ஒரு புதன்கிழமை காலை. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச்செய்திருந்தோம், டீச்சர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். நானும் இன்னொரு டாக்டரும் செய்தோம். இந்த ஆபரேஷன் எப்போதும் சுலபமாகப் போவதில்லை. நஞ்சுக்கொடி இருந்த இடத்திலிருந்து நாங்கள் நினைத்ததைவிட அதிகமாக ரத்தம் வந்தது. சில விநாடி யாரும் பேசவில்லை. திரைக்கு அந்தப்பக்கமிருந்து டீச்சரின் குரல் வந்தது: "ஏன் மேடம் எல்லாரும் அமைதியாயிட்டீங்க?"

"ரத்தம் கொஞ்சம் கூடுதலா வருது டீச்சர். நிறுத்திக்கிட்டு இருக்கோம். பிள்ளையை எடுத்தாச்சு."

சொல்லி முடிக்கும்போதே பிள்ளை கத்தியது. என்ன ஒரு கத்தல். மயக்க மருந்து டாக்டர் முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கர்ப்பப்பை நன்றாக இறுகி ரத்தமும் கட்டுக்குள் வந்துவிட்டது. அதையும் உடனே சொன்னேன்.

நர்ஸ் பிள்ளையைத் துடைத்துத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கதவை நோக்கி நடந்தார். வெளியே காத்திருக்கிற சொந்தக்காரர்களிடம் முதலில் காட்டுவதுதான் அங்கே எல்லாருக்கும் பழக்கம். நில்லுங்க சிஸ்டர், இங்கிட்டு வாங்க என்றேன். பிள்ளையை டீச்சரின் கன்னத்தோடு சேர்த்து வைக்கச் சொன்னேன். பெண் பிள்ளை, இரண்டு கிலோ அறுநூறு, பத்து மணி நாற்பத்திரண்டு நிமிஷம். அவர் மணியை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கதவின் கண்ணாடி வழியாக இரண்டு தலைகள் தெரிந்தன, ராஜ்குமாரும் அவர் அம்மாவும். அழுகைச் சத்தம் அங்கே கேட்டிருக்கும். என்ன பிள்ளை, எப்படி இருக்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது. போய்ச் சொல்லிவிட்டு வரட்டுமா என்று நர்ஸ் கேட்டார்.

டீச்சர் பிள்ளையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அஞ்சு நிமிஷம் போகட்டும் சிஸ்டர். எனக்கு மட்டும் தெரிஞ்சதா இருக்கட்டும்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கு மேல வேணாம், பாவம்" என்றார்.

நாங்கள் தையல் போட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு ஒரு கொட்டாவி விட்டது. கதவுக்கு வெளியே அவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். நர்ஸ் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.